டொராண்டோ மேயருக்கு போலீசில் நாற்காலி உண்டாம், வேலூர் மேயருக்கு இல்லையாம்

ரெக்கார்டு ரூம்

எங்கள் தெரு வாட்ஸாப் குழுவில், வெளிநாட்டில் இருக்கும் ஒரு நண்பர் நேற்று ராத்திரி போட்டதை அப்படியே இங்கே ஒட்டுகிறேன்.

"டொராண்டோவில் போலீஸ் மேயர் கையில். சம்பளம் கொடுப்பதும் மேயர், சீஃபை, அதாவது போலீஸ் தலைவரை, வைப்பதும் எடுப்பதும் மேயர். வேலூர் 2008-லேயே மாநகராட்சி ஆயிடுச்சு. இன்னும் ஒரு கமிஷனருக்கு வழியில்லை. பேருக்கு முன்னாடி மாநகரம்னு போட்டுக்கிட்டா போதுமா?"

இதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். ஒருத்தர்கூட இது உண்மையா என்று கேட்கவில்லை. எனக்குக் காலையில் காபி இறங்கவில்லை. முப்பத்தோரு வருஷம் காவல் துறை அமைச்சுப் பணியில் தபால் பிரித்து, கோப்பு கட்டி, ஓய்வு பெற்றவன் நான். காக்கி போட்டதில்லை, ஆனால் எந்தக் காகிதம் எந்த மேஜைக்குப் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

டொராண்டோவில் போலீசுக்கு முதலாளி மேயர் இல்லை, ஒரு போர்டு. அதில் ஏழு நாற்காலி. ஒன்று மேயருக்கு, இரண்டு கவுன்சிலர்களுக்கு, ஒன்று நகர மன்றம் வெளியிலிருந்து பார்த்துப் போடும் ஆளுக்கு. மீதி மூன்றையும் ஒன்டாரியோ மாகாண அரசு நிரப்பும். சீஃபை வேலைக்கு எடுப்பது அந்தப் போர்டு. மேயர் ஏழில் ஒருவர். அவ்வளவுதான்.

நம் ஊர்க் கதை வேறு. போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஏழாவது அட்டவணையில். பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு 18 வேலை போட்டிருக்கிறார்கள். தீயணைப்பு இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது, தெரு விளக்கு இருக்கிறது. போலீஸ் இல்லை. படித்துப் பார்த்துவிட்டுக் கைதட்டவும்.

ஸ்கார்பரோ குடியாத்தத்தான்

அந்த நண்பர் நான்தான். பெயரைப் போடாமல் விட்டதற்கு நன்றி சார். ஆனால் குழுவிலேயே என்னைக் கேட்டிருக்கலாம். பொது இடத்தில் கொண்டுவந்து காயப் போட வேண்டுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போர்டில் மேயருக்கு நாற்காலி உண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பின்னே என்ன சண்டை? டொராண்டோ நகர பட்ஜெட்டில் போலீசுக்கு மட்டும் வருஷத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் போகிறது. அதில் நான் கட்டும் வீட்டு வரியும் இருக்கிறது. எங்கள் தெருவில் வந்து நிற்கும் காரில் 'டொராண்டோ போலீஸ்' என்று எழுதியிருக்கிறது, 'ஒன்டாரியோ போலீஸ்' என்று இல்லை. காசு கொடுப்பவன் முதலாளியா, இல்லையா? வேலூர் மேயர் போலீசுக்கு ஒரு லத்தியாவது வாங்கிக் கொடுத்திருக்கிறாரா?

காட்பாடி ஜங்ஷன்

கனடா கிடக்கட்டும். ஆவடி மாநகராட்சி ஆனது 2019-ல். தாம்பரம் 2021-ல். ரெண்டு ஊருக்கும் 2022 ஜனவரி 1-ல் போலீஸ் கமிஷனர் வந்து உட்கார்ந்தாச்சு. நாம 2008. இதுக்கு ரெக்கார்டு ரூம் ஐயா என்ன பதில் வச்சிருக்கார்?

சாயந்திரம் ஆறு மணிக்கு கிரீன் சர்க்கிளில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். சென்னை பஸ், பெங்களூர் பஸ், ஆஸ்பத்திரிக்கு வந்த வடநாட்டுக்காரர்கள், காலேஜ் பசங்க, ஆந்திரா லாரி, எல்லாம் ஒரே சட்டியில். நடுவில் ஒரு காவலர் விசில் ஊதிக்கொண்டிருப்பார். அந்த விசில் யாருக்கு என்று அவருக்கே தெரியாது.

மக்கன் பேடா

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, கமிஷனர் இல்லாத மாநகராட்சி. லிஸ்டுல ஒண்ணு சேர்ந்துச்சு, வாழ்த்துக்கள்.

ஆற்காட்டிலிருந்து அன்புடன்.

ரெக்கார்டு ரூம்

காட்பாடி தம்பிக்கு முதலில். ஆவடியும் தாம்பரமும் புதிதாகக் கிடைத்த வரம் இல்லை. அந்த ஏரியாவில் பெரும்பகுதி ஏற்கெனவே சென்னை கமிஷனரின் கீழ் இருந்தது. ஒரு பெரிய வீட்டில் சுவர் எழுப்பி மூன்று வீடாக்கினார்கள். நீங்கள் கேட்பது காலி மனையில் புது வீடு. ரெண்டும் ஒன்றா?

தமிழ்நாட்டில் இன்று 25 மாநகராட்சி. போலீஸ் கமிஷனர் இருப்பது சென்னை, ஆவடி, தாம்பரம், கோவை, திருப்பூர், மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி என்று ஒன்பது ஊரில்தான். ஈரோடும் தூத்துக்குடியும் நம்மோடு அதே 2008-ல் மாநகராட்சி ஆனவை. அங்கேயும் எஸ்.பி.தான். தஞ்சாவூர், திண்டுக்கல், ஓசூர், நாகர்கோவில், அங்கேயும் எஸ்.பி.தான். மாநகராட்சி என்பது குப்பை, தண்ணீர், சொத்து வரி சமாசாரம். போலீஸ் கமிஷனர் என்பது உள்துறை சமாசாரம். ரெண்டு கோப்பும் தலைமைச் செயலகத்தில் வேற வேற மாடியில் நகரும்.

இனி ஸ்கார்பரோ. நாற்காலி உண்டு என்றுதான் சொன்னேன். ஏழில் ஒன்று என்பதையும் சொன்னேன். அதை வசதியாக விட்டுவிட்டீர்கள். போர்டே கூட, இன்னாரைப் பிடி, இன்னார் மேல் கேஸ் போடாதே என்று சீஃபுக்குச் சொல்ல முடியாது. சட்டம் தடுக்கிறது. போர்டுக்கே முடியாதது, ஏழில் ஒரு நாற்காலிக்காரருக்கு எப்படி முடியும்?

ஸ்கார்பரோ குடியாத்தத்தான்

நாற்காலி உண்டா, இல்லையா? உண்டு. நன்றி.

முள்ளு கத்திரி

ஒரு சந்தேகம். எல்லாரும் கமிஷனர் கமிஷனர் என்கிறீர்களே, எந்தக் கமிஷனர்? மாநகராட்சிக்கு ஒரு கமிஷனர் இருக்கிறார், அவர் வேலூரில் இப்போதும் இருக்கிறார். போலீஸ் கமிஷனர் வேறு. வாட்ஸாப்பில் கைதட்டின பாதிப் பேர் இவர் அவருக்கு மேலதிகாரி என்று நினைத்திருப்பார்கள். கமிஷனரேட் என்றால் என்ன, அது வந்தால் என்ன மாறும் என்று யாராவது ஒரு வரி எழுதிவிட்டு அப்புறம் சண்டை போடலாமே.

காட்பாடி ஜங்ஷன்

அக்கா, அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆவடிக்கு உண்டு, நமக்கு இல்லை. அதுதான் பேச்சு.

ரெக்கார்டு ரூம்

அம்மணி கேட்டது நல்ல கேள்வி. பதில் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் ஸ்கார்பரோக்காரருக்கு ஒரு கேள்வி.

நீங்கள் இருப்பது ஸ்கார்பரோ. 1998 வரைக்கும் ஸ்கார்பரோ தனி ஊர், அதற்குத் தனி மேயர். அந்த வருஷம்தான் டொராண்டோவோடு சேர்த்தார்கள். அந்தத் தனி மேயரிடம் போலீஸ் இருந்ததா? இல்லை. 1957-லேயே சுற்றுவட்டார ஊர்களின் போலீஸ் எல்லாவற்றையும் ஒன்றாக்கி மெட்ரோ டொராண்டோ போலீஸ் என்று வைத்துவிட்டார்கள். ஆக உங்கள் ஸ்கார்பரோவிலேயே நாற்பது வருஷத்துக்கு மேல் மேயர் உண்டு, தனி போலீஸ் இல்லை. நம் வேலூர் மாதிரியே.

பிராம்ப்டனை எடுங்கள். மேயர் உண்டு. பிராம்ப்டன் போலீஸ் என்று ஒன்று உண்டா? கிடையாது. பீல் பிராந்திய போலீஸ், 1974-ல் உண்டாக்கியது. மிசிசாகாவும் பிராம்ப்டனும் அதற்குள். நம் ஆட்கள் கொட்டிக் கிடக்கும் மார்க்கம்? அங்கேயும் மேயர் உண்டு, போலீஸ் யார்க் பிராந்தியத்துடையது. "மேயர் கையில் போலீஸ்" எங்கே போச்சு?

ஸ்கார்பரோ குடியாத்தத்தான்

நான் பிராம்ப்டனைப் பற்றிப் பேசவே இல்லை. டொராண்டோ என்று எழுதினேன். 1957-ல் நான் பிறக்கவே இல்லை. இன்றைக்கு, இந்த நிமிஷம், டொராண்டோ போலீஸ் போர்டில் டொராண்டோ மேயருக்கு நாற்காலி இருக்கிறதா?

விக்கிப்பீடியா பார்த்து எழுதுகிறவருக்கும் இங்கே பதினெட்டு வருஷம் பனி தள்ளியவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது சார்.

ரெக்கார்டு ரூம்

பனி தள்ளினால் போலீஸ் சட்டம் தெரிந்துவிடுமா? நான் முப்பத்தோரு வருஷம் ஆபீஸ் மாடிப்படி ஏறினேன், அதனால் நான் கொத்தனாரா?

மக்கன் பேடா

😂😂 இது நல்லா இருக்கு.

அகழி முதலை

நடுவில் நுழைகிறேன். பத்து லட்சம் ஜனத்தொகை இருந்தால்தான் போலீஸ் கமிஷனர் என்று எங்கேயோ படித்தேன். வேலூர் நகரமும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்தே 2011 கணக்கில் ஐந்து லட்சம் தொடவில்லை. அதனால் இந்தப் பேச்சே வீண்.

காட்பாடி ஜங்ஷன்

திருநெல்வேலிக்கு 2011-ல் எவ்வளவு? நாலே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. அங்கே அப்பவே கமிஷனர் உண்டு. முதலை அண்ணே, அகழிக்குள்ளயே இருங்க.

நெல்லைக்காரனுக்கு ஒரு நியாயம், வட ஆற்காட்டுக்காரனுக்கு ஒரு நியாயம். இதை நான் இன்னைக்கு நேத்து சொல்லலை. ரயில்ல காட்பாடின்னு போட்டிருக்கு, ஏர்போர்ட்டு வரும் வரும்னு சொல்றாங்க, கமிஷனர் வரவே இல்லை.

ரெக்கார்டு ரூம்

திருநெல்வேலி விஷயத்தில் காட்பாடி தம்பி சொல்வது சரி. ஆனால் அது என் கட்சிக்குத்தான் சாதகம். ஜனத்தொகை கணக்கு இல்லை, மாநகராட்சி கணக்கும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? அரசு எங்கே வேண்டும் என்று நினைக்கிறதோ அங்கே. சண்டை சச்சரவு எங்கே அதிகம், எந்த ஊரில் எதற்குப் பயப்பட வேண்டியிருக்கிறது, அதைப் பார்த்து வைப்பார்கள். வேலூருக்கு இல்லை என்பது ஒரு வகையில் நற்சான்றிதழ்.

இப்போது முள்ளு கத்திரி அம்மணிக்கு. மாவட்டத்தில் ஏணி இப்படி: ஸ்டேஷனுக்கு இன்ஸ்பெக்டர், நாலைந்து ஸ்டேஷன் சேர்ந்த உட்கோட்டத்துக்கு டி.எஸ்.பி., மாவட்டத்துக்கு எஸ்.பி., வேலூர் சரகத்துக்கு டி.ஐ.ஜி., வடக்கு மண்டலத்துக்கு ஐ.ஜி., உச்சியில் டி.ஜி.பி. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நாலு மாவட்டமும் நம் டி.ஐ.ஜி. கீழ். பழைய வட ஆற்காடு 1989-ல் உடைந்தது, வேலூர் மாவட்டம் 2019-ல் மறுபடி மூன்றாக உடைந்தது. போலீஸ் கணக்கில் மட்டும் அந்தப் பழைய வட ஆற்காடு இன்னும் ஒரே சரகமாக உயிரோடு இருக்கிறது. இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

கமிஷனர் ஊரில் டி.எஸ்.பி. இடத்தில் உதவி ஆணையர், எஸ்.பி. இடத்தில் துணை ஆணையர், மேலே ஆணையர். பெரிய மாற்றம் பெயரில் இல்லை. மாவட்டத்தில் கலெக்டரும் ஆர்.டி.ஓ.வும் தாசில்தாரும் செய்யும் சில மாஜிஸ்திரேட் வேலைகள் அங்கே போலீஸ் கைக்கே போய்விடும். நாலு பேருக்கு மேல் கூடாதே என்று உத்தரவு போடுவது மாதிரி. இங்கே எஸ்.பி. கலெக்டருக்கு எழுதிக் கேட்க வேண்டும். அங்கே கமிஷனரே எழுதி அவரே கையெழுத்தும் போடுவார். அவர் மேயருக்குக் கீழே வர மாட்டார். சென்னை கமிஷனர் கூட சென்னை மேயருக்கு எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. டி.ஜி.பி.க்குச் சொல்வார், அரசுக்குச் சொல்வார்.

ஸ்கார்பரோ குடியாத்தத்தான்

அதைத்தான் நானும் கேட்கிறேன். ஏன் பதில் சொல்ல வேண்டியதில்லை? டொராண்டோ சீஃப் மாதாமாதம் போர்டு கூட்டத்தில் வந்து உட்கார்ந்து பதில் சொல்கிறார். எதிரில் மேயரின் நாற்காலி. நான் பார்த்திருக்கிறேன். பொதுமக்களும் பேர் பதிந்துவிட்டு அஞ்சு நிமிஷம் பேசலாம். வேலூரில் அறுபது வார்டு கவுன்சிலர்களில் ஒருத்தராவது எஸ்.பி.யைக் கூட்டத்துக்கு வரச் சொல்லிக் கேள்வி கேட்க முடியுமா?

அகழி முதலை

கவுன்சிலர் கையில் போலீசா? அப்பா சாமி. தெருக்குழாயே அவர் வீட்டுப் பக்கம்தான் வளைகிறது. லத்தி எந்தப் பக்கம் வளையும் என்று யோசித்துப் பாருங்கள்.

முள்ளு கத்திரி

நன்றி சார், தெளிவாக இருந்தது. ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், மேயரா எஸ்.பி.யா என்பதில் எனக்கு ஏன் அக்கறை இல்லை என்று புரியும்.

போன மாதம் ஷேர் ஆட்டோவில் என் போன் போய்விட்டது. ஏறின இடம் ஒரு ஸ்டேஷன் எல்லை, இறங்கின இடம் இன்னொரு ஸ்டேஷன் எல்லை. எந்த ஸ்டேஷன்கள் என்று சொல்ல மாட்டேன், அடுத்த தடவையும் அங்கேதான் போயாக வேண்டும். முதல் ஸ்டேஷனில் பாரா நின்ற காவலர், "எங்கே தொலைஞ்சதும்மா, அங்கே போய்க் கொடு" என்றார். தொலைந்த இடம் தெரிந்தால் நானே போய் எடுத்துக்கொள்ள மாட்டேனா? இரண்டாவது ஸ்டேஷனில் ரைட்டர் நல்ல மாதிரிதான் பேசினார். சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. பால்பாயின்ட் பேனாவால் கோடு இழுத்துக் காட்டினார். "இந்த வேப்பமரம் வரைக்கும் நாங்க, அதுக்கு அப்புறம் அவங்க." எனக்கு அந்த வேப்பமரம் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ரோடு அகலம் பண்ண வெட்டிவிட்டார்கள்.

கடைசியில் சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீது வாங்க மூன்று நாள். கமிஷனர் வந்தால் வேப்பமரம் திரும்ப முளைக்குமா, அதைச் சொல்லுங்கள்.

ரெக்கார்டு ரூம்

அம்மணி, தொலைந்தது வேறு, திருடு போனது வேறு. தொலைந்ததற்குக் காவல் துறை இணையதளத்திலேயே புகார் பதியலாம். திருட்டு என்றால், எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியே ஆக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. நீங்கள் அங்கேயே 173 என்று சொல்லியிருக்க வேண்டும்.

முள்ளு கத்திரி

பாராக்காரரிடம் 173 என்று சொல்லியிருந்தால் அது எந்த பஸ் என்று கேட்டிருப்பார் சார்.

காட்பாடி ஜங்ஷன்

இதுக்குத்தான் கமிஷனர் வேணும்ங்கிறேன். காட்பாடியும் வேலூரும் ஒரே கையில வந்தா எல்லைத் தகராறே இல்லை.

அகழி முதலை

இப்போதும் ஒரே எஸ்.பி. கையில்தானே இருக்கிறது?

காட்பாடி ஜங்ஷன்

அது வேற.

மக்கன் பேடா

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 2019-ல் ராணிப்பேட்டை பிரிஞ்சு எங்களுக்குத் தனி எஸ்.பி. வந்தாச்சு, திருப்பத்தூருக்கும் வந்தாச்சு. உங்ககிட்ட மிச்சம் ஆறு தாலுகா. வேலூர், காட்பாடியைக் கமிஷனர் எடுத்துக்கிட்டா எஸ்.பி.க்கு என்ன இருக்கும்? அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு. அவரு எங்கே போய் உட்காருவார்?

ஸ்கார்பரோ குடியாத்தத்தான்

குடியாத்தத்தில்! எஸ்.பி. ஆபீஸ் குடியாத்தத்துக்கு வரட்டும். இதற்காகவாவது கமிஷனர் வர வேண்டும். லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பேர் வாங்கின ஊர், ஒரு மாவட்ட ஆபீஸ்கூடக் கிடையாது.

காட்பாடி ஜங்ஷன்

பூனைக்குட்டி வெளியே வந்துச்சு. டொராண்டோ டொராண்டோன்னு சுத்தி கடைசியில குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டாரு.

ஸ்கார்பரோ குடியாத்தத்தான்

சொந்த ஊரை நினைப்பது குற்றமா? நீங்கள் மட்டும் இங்கே எல்லா விவாத நூலிலும் காட்பாடி ஜங்ஷனை இழுக்கவில்லையா? காட்பாடி மாநகராட்சியில் சேர்ந்ததே ஆள் கணக்கு காட்டத்தான்.

காட்பாடி ஜங்ஷன்

காட்பாடி இல்லைன்னா வேலூருக்கு ரயிலே கிடையாது, பார்த்துப் பேசுங்க. மெட்ராஸ்ல இருந்து யாராவது கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுத்துப் பார்த்திருக்கீங்களா?

ரெக்கார்டு ரூம்

ரயில் என்றதும் ஞாபகம் வந்தது. காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உங்கள் பர்ஸ் போனால் அது எஸ்.பி.க்கும் வராது, கமிஷனர் வந்தாலும் அவருக்கும் வராது. ரயில்வே போலீஸ் தனி. அவர்கள் மாநில அரசு. அங்கேயே நிற்கும் ஆர்.பி.எஃப்., அதாவது ரயில்வே பாதுகாப்புப் படை, மத்திய அரசு. ஒரே பிளாட்பாரம், ரெண்டு காக்கி, ரெண்டு அரசு. டொராண்டோக்காரருக்கு இதுவும் விளங்காது.

பேச்சை மாற்றப் பார்க்கிறார்கள், நான் விட மாட்டேன். ஒன்டாரியோவில் தனி போலீஸ் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஊர்கள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. அங்கே காவல் பார்ப்பது ஓ.பி.பி., அதாவது ஒன்டாரியோ மாகாண போலீஸ். 1909-ல் ஆரம்பித்தது, தலைமையிடம் ஒரிலியா. போலீஸ் மாகாணத்துடையது, பில் மட்டும் ஊருக்கு வரும். அந்த ஊர்களிலும் மேயர் இருக்கிறார். ஓ.பி.பி. தலைவரை அவர்களில் யாராவது வைக்க முடியுமா, எடுக்க முடியுமா?

பிரிட்டிஷ் கொலம்பியா இன்னும் வேடிக்கை. 1950-ல் தன் மாகாண போலீஸையே கலைத்துவிட்டு ஆர்.சி.எம்.பி. என்ற மத்தியப் படையைக் குத்தகைக்கு எடுத்தது. சர்ரே என்ற ஊர் அந்தக் குத்தகையை விட்டுச் சொந்த போலீஸ் வைக்கப் போனது. வருஷக்கணக்கில் இழுபறி. புது மேயர் வந்து வேண்டாம் என்றார், மாகாண அரசு வைத்தே ஆக வேண்டும் என்றது. கோர்ட் வரை போனது. கடைசியில் யார் சொன்னது நடந்தது? மாகாணம். 2024 நவம்பர் கடைசியில் சர்ரே போலீஸ் பொறுப்பேற்றது. மேயர் முதலாளி என்றால் இது எப்படி நடக்கும்?

ஸ்கார்பரோ குடியாத்தத்தான்

சர்ரே நாலாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதற்கும் எனக்கும் குடியாத்தத்துக்கும் குவாஹாட்டிக்கும் உள்ள சம்பந்தம்தான். நான் கேட்டது டொராண்டோ போர்டு. நாற்காலி.

ரெக்கார்டு ரூம்

அந்த நாற்காலியும் கட்டாயம் இல்லை. மேயருக்கு இஷ்டமில்லை என்றால் அவர் உட்காராமல் மன்றம் வேறொரு கவுன்சிலரை அனுப்பலாம். சட்டமே அப்படித்தான்.

ஸ்கார்பரோ குடியாத்தத்தான்

உட்காராவிட்டால் நாற்காலி இல்லை என்று ஆகிவிடுமா? உங்கள் வீட்டுத் திண்ணையில் நீங்கள் உட்காராத நேரம் அது பக்கத்து வீட்டுத் திண்ணையா?

மக்கன் பேடா

இதுவும் நல்லா இருக்கு 😂

அகழி முதலை

ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு என்று சொல்லித் திரிவதே உமக்கு வேலை. ஆற்காட்டில் வேலை இல்லையா?

மக்கன் பேடா

எங்களுக்கு வேலை எல்லாம் 2019-லேயே முடிஞ்சுது. தனி கலெக்டர், தனி எஸ்.பி. இப்போ சும்மா வேடிக்கை பார்க்க வந்தோம். நவாப் ஊர்க்காரங்க நாங்க.

அகழி முதலை

நவாப் போய் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேடா மட்டும் மிச்சம்.

ரெக்கார்டு ரூம்

ஒன்று சொல்கிறேன், பலருக்குத் தெரியாது. வடக்கே பல மாநிலங்களில் 1861 போலீஸ் சட்டம். நமக்கு அதற்கும் ரெண்டு வருஷம் முந்தி, 1859-ல், சென்னை மாகாணத்துக்கென்று மாவட்ட போலீஸ் சட்டம் வந்தது. கமிஷனர் ஊர்களுக்கு 1888-ம் வருஷத்து நகர போலீஸ் சட்டம். நீங்கள் புதிதாகக் கேட்கும் கமிஷனர் அந்த 1888-க்குள்தான் வந்து உட்காருவார். மேயர் என்ற சொல்லை அதில் தேடினால் கண் வலிக்கும்.

கோட்டைக்குள் போலீஸ் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, எத்தனை பேர் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறீர்கள்? அங்கே காலையில் ஓடுகிற பையன்களிடம் கேளுங்கள், உனக்கு முதலாளி யார் என்று. ஒருத்தனும் மேயர் என்று சொல்ல மாட்டான்.

முள்ளு கத்திரி

அவர்கள் பொதுமக்கள் என்றும் சொல்ல மாட்டார்கள் சார்.

ரெக்கார்டு ரூம்

அது நூலுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

காட்பாடி ஜங்ஷன்

ஐயா, மரியாதையோட கேட்கிறேன். நீங்க ரிட்டையர் ஆகிற வரைக்கும் எஸ்.பி. ஆபீஸ் பக்கம். கமிஷனர் வந்தா அந்த ஆபீஸ் சின்னதாயிடும்னு உங்களுக்கு மனசு கேட்கலை. அதுக்கு 1888, 1909, ஒரிலியா எல்லாம் எதுக்கு?

ரெக்கார்டு ரூம்

என் மனசு எதைக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியுமா தம்பி? நான் சேர்ந்தபோது வட ஆற்காடு முழுசும் ஒரே மாவட்டம். திருப்பத்தூரிலிருந்து அரக்கோணம் வரை ஸ்டேஷன் தபால் எல்லாம் ஒரே அறைக்கு வரும். ஜவ்வாது மலைப் பக்கத்துக் கட்டு வந்தால் அதில் ஈர மண் வாசனை அடிக்கும். ஆபீஸ் சின்னதானதை ரெண்டு தடவை பார்த்தாச்சு. மூன்றாவது தடவைக்கு அழ எனக்குத் தண்ணி இல்லை, பாலாற்றில் இருந்தால்தானே.

நான் இங்கே வந்தது ஒரே ஒரு பொய்யைத் திருத்த. "மேயர்தான் சீஃபை வைக்கிறார், எடுக்கிறார்." இதை எழுதியவர் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் போய்விடுகிறேன்.

ஸ்கார்பரோ குடியாத்தத்தான்

இங்கே ராத்திரி ஒரு மணி. காலையில் ஷிப்ட். கடைசியாக ஒரு கேள்வி. ஆமாம் இல்லை என்று பதில் போதும். சீஃபை வேலைக்கு எடுக்கும் போர்டில் மேயருக்கு நாற்காலி உண்டா?

ரெக்கார்டு ரூம்

உண்டு. ஏழில் ஒன்று.

ஸ்கார்பரோ குடியாத்தத்தான்

உண்டு என்று சாரே எழுதிவிட்டார். குழுவில் இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுகிறேன்.

ரெக்கார்டு ரூம்

எடுக்கும்போது "ஏழில் ஒன்று" என்பதையும் சேர்த்து எடுக்கவும். பாதியை வெட்டிப் போட்டால் நாளைக்குப் புது நூல் திறப்பேன்.

முள்ளு கத்திரி

திறங்கள் சார். போன் இன்னும் கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில்தான் படிக்கிறேன். ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், அவள் சீரியல் பார்க்க வேண்டுமாம்.